தாத்தா அண்ணாந்து பார்த்த கட்டிடம்

எங்கள் தாத்தா வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மெட்ராஸ் போனார். 1980களில் ஒரு நிலத் தகராறு. அம்பாசமுத்திரத்தில் ஆரம்பித்து, திருநெல்வேலிக்குப் போய், கடைசியில் இரண்டாம் மேல்முறையீடாக மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டது. அவர் நேரில் போகவேண்டிய அவசியமே இல்லை. "நம்ம கேஸ் எங்க நடக்குன்னு கண்ணால பாக்காண்டாமா?" என்று நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: "அண்ணாந்து பாத்து பாத்து கழுத்து வலிச்சிட்டு டே."

அந்தக் கேஸ் பிறகு இரு தரப்பும் பேசி ராஜியில் முடிந்தது. ஆனால் அந்தக் கழுத்துவலி மட்டும் எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி நின்றுவிட்டது. யாராவது பெரிய வீடு கட்டினால், "ஹைகோர்ட்டா கட்டிருக்கான்?" என்பார் ஆச்சி.

சமீபத்தில் நானும் போனேன். சித்தப்பா பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். அவர் தயவில் உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தேன். படிப்பது பி.காம்., கட்டிடக்கலை பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பார்த்ததையும் படித்ததையும் எழுதுகிறேன். முக்கியமாக, தாமிரபரணிக் கரைக்காரன் ஒருவனுக்கு அந்தக் கட்டிடம் எப்படித் தெரிகிறது என்பதை.

எழும்பூரிலேயே ஆரம்பம்

தெற்கேயிருந்து போகிற நாம் எழும்பூரில் இறங்குகிறோம் இல்லையா? அந்த ஸ்டேஷன் கட்டிடத்தை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். திறந்தது 1908 ஜூன். ஹைகோர்ட்டைக் கட்டி முடித்ததும் இதே இர்வின்தான். தாத்தா அன்று ரயிலைவிட்டு இறங்கியதும் இர்வின் கட்டிடத்தில். போய்ச் சேர்ந்ததும் இர்வின் கட்டிடத்தில். சிவப்புச் செங்கல், வெள்ளை ஓரங்கள், வளைவுகள், குவிமாடங்கள்... இரண்டையும் பார்த்தால் அண்ணன் தம்பி என்று தெரியும். இந்து, முகலாய, ஐரோப்பியப் பாணிகளைக் கலந்து கட்டும் இதை இந்தோ-சாரசனிக் என்கிறார்கள்.

ஹைகோர்ட் என்ற அமைப்பு கட்டிடத்தைவிட மூத்தது. விக்டோரியா மகாராணியின் 1862 சாசனத்தின்படி அமைந்து, அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. (ஆமாம், ஆகஸ்ட் 15. தற்செயல்தான்.) முதல் முப்பது வருடம் கடற்கரைச் சாலைப் பக்கம் வேறு கட்டிடத்தில் இயங்கியது. இப்போதைய கட்டிடத்தின் வேலை 1888-ல் தொடங்கி 1892-ல் முடிந்தது. முதல் வரைபடம் ஜே. டபிள்யூ. பிராசிங்டனுடையது. அதைத் திருத்தி முடித்தவர் இர்வின். கூட நின்றவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். 1892 ஜூலை 12 அன்று கவர்னர் வென்லாக் பிரபு கட்டிடத்தின் சாவியைத் தலைமை நீதிபதி ஆர்தர் காலின்ஸிடம் கொடுத்தார்.

காமர்ஸ் மாணவன் என்பதால் கணக்கு பார்க்காமல் இருக்க முடியவில்லை. மதிப்பீடு 9.45 லட்சம் ரூபாய். ஆன செலவு ஏறக்குறைய 12.98 லட்சம். அதாவது சுமார் 37 சதவீதம் அதிகம்! அரசாங்க வேலை பட்ஜெட்டைத் தாண்டுவது நேற்று இன்று வந்த பழக்கமில்லை மக்களே. ஒரு நல்ல விஷயம், இரும்பு உத்தரங்களும் சில அலங்கார ஓடுகளும் தவிர மற்ற பொருள்கள் பெரும்பாலும் உள்ளூரிலேயே கிடைத்தவை. செங்கல் நம் மண், கொத்தனார் நம் ஆள், மேலே தெரிகிற பெருமை மட்டும் வெள்ளைக்காரனுடையது.

இந்த இடத்துக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. கோட்டைக்கு வெளியே இருந்த பழைய கறுப்பர் நகரம் இந்தப் பக்கம்தான். சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்களின் முதல் இடமும் இதுதான். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில், கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று எல்லாவற்றையும் இடித்தார்கள். அந்த இரட்டைக் கோயில்களை இன்று பூக்கடைத் தேவராஜ முதலி தெருவில் பார்க்கலாம்.

உள்ளே

2015 நவம்பரிலிருந்து மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் சோதனை இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போனால் முதலில் உறைப்பது வெளிச்சம்தான். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நீளமான தாழ்வாரங்களில் குளுமையான அரை இருட்டு. தூண், வளைவு, மறுபடி தூண், மறுபடி வளைவு. திரும்பும் இடமெல்லாம் ஒரே மாதிரி இருக்க, நான் இரண்டு தடவை வழி தவறினேன். கறுப்புக் கவுன் போட்டவர்கள் கட்டுகளை அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். சித்தப்பா போன்ற குமாஸ்தாக்கள் அதைவிட வேகமாக ஓடுகிறார்கள்.

எல்லாரும் பார்க்கச் சொல்வது 13-ஆம் எண் அறை. கோர்ட் நடக்காத நேரத்தில் எட்டிப் பார்த்தோம். வண்ணம் தீட்டிய கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், மரத்தில் செதுக்கு வேலை. கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சம் மேசையில் சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தது. நீதிபதியின் இருக்கை உயரத்தில். மற்றவர்கள் எல்லாரும் கீழே. இங்கே நிற்பவனுக்குத் தான் சின்னவன் என்று தோன்றவேண்டும் என்றே கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாய்க்குள்ளேயே பேசினேன்; யாரும் என்னைப் பேசாதே என்று சொல்லவில்லை.

உள்ளே முத்துசாமி அய்யரின் வெள்ளைச் சலவைக்கல் சிலை இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைக் குடும்பத்துப் பையன், தெருவிளக்கில் படித்தார் என்று நம் பள்ளிக்கூட வாத்தியார்கள் சொல்வார்களே, அவர்தான். 1878-ல் இந்த ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார்.

கட்டிடத்தின் உச்சி ஒரு கலங்கரை விளக்கம். இது எனக்குப் போகும்வரை தெரியாது. வளாகத்தில் 1844-ல் கட்டிய பழைய விளக்குத் தூண் தனியாக நிற்கிறது. ஹைகோர்ட் கோபுரம் சுமார் 175 அடி உயரம் எழுந்தபிறகு விளக்கை அதன் தலைக்கு மாற்றினார்கள். 1894 ஜூன் முதல் 1977-ல் மெரினாவில் புது விளக்கம் வரும்வரை, வங்கக் கடலில் வந்த கப்பலுக்கெல்லாம் வழிகாட்டியது இந்த நீதிமன்றத்தின் தலைதான். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியபோது, ஒன்று இந்த வளாகச் சுவரில் விழுந்தது. அந்த இடத்தில் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள்.

சித்தப்பா சொன்ன இன்னொரு சுவாரசியம். வருடத்தில் ஒரு நாள், ஒரு சனிக்கிழமை இரவு முதல் மறுநாள் இரவு வரை, எல்லாக் கதவுகளையும் பூட்டிவிடுவார்கள். நீதிபதியானாலும் உள்ளே போகமுடியாது. வளாகத்தின் குறுக்கே நடந்து பழகிய யாரும் "இது எங்கள் பாதை" என்று உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காகவாம். எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் ஆளாளுக்கு முள்வேலி போடுவார்கள். ஹைகோர்ட்டுக்கும் அதே பயம்தான்!

நம்ம ஊர்க்காரர்கள்

தாழ்வாரத்தில் நடக்கும்போது எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தாத்தாவுக்கு முன்பே எங்கள் சீமையிலிருந்து இந்தக் கட்டிடத்துக்கு வந்தவர்கள் யார்?

முதலில் வந்தது வ.உ.சி.யின் வழக்கு. அவரை எல்லாரும் கப்பலோட்டிய தமிழன் என்கிறோம். 1906-ல் அவர் பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய்; 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கவனியுங்கள், ஹைகோர்ட் கட்டிடத்துக்கு ஆன செலவைவிடக் குறைவு! 1908 மார்ச்சில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலையில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, ராஜத் துரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு என்று வ.உ.சி.க்கு நாடு கடத்தல் தண்டனை விதித்தார். அந்த மேல்முறையீடு வந்து சேர்ந்த இடம் இதுதான். ஹைகோர்ட் தண்டனையைப் பெருமளவு குறைத்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

வந்தவருக்கு வக்கீல் தொழில் செய்ய உரிமை இல்லை. சனத்தைப் பறித்துவிட்டார்கள். கப்பல் கம்பெனி நடத்தியவர் சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பார்த்தார். பல வருடம் கழித்து, தூத்துக்குடி நாள்களிலிருந்தே அவரை அறிந்த வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சனது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. இந்தக் கட்டிடத்தைப் பற்றிப் படித்ததில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான்.

இரண்டாவது, ஆஷ் கொலை வழக்கு. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டு, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். மற்ற 14 பேர் மீது சதி வழக்கு. ஜூரி இல்லாமல் ஹைகோர்ட்டின் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள்: தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், அய்லிங், சங்கரன் நாயர். முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரி, கொலை நடந்தபோது மணியாச்சிப் பக்கமே இல்லாதவர். கைதானபோது வயது 21. என் வயதுதான். 1912 பிப்ரவரியில் அவருக்கு ஏழு ஆண்டுத் தண்டனை கிடைத்தது. மூவரில் சங்கரன் நாயர் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதே சங்கரன் நாயர்தான் 1919-ல் பஞ்சாப் கொடுமையைக் கண்டித்து வைசிராய் கவுன்சிலைவிட்டு ராஜினாமா செய்தவர்.

வாஞ்சிக்குப் புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி தந்தவர் என்று சொல்லப்படும் வ.வே.சு. அய்யரின் முடிவு எங்கள் பாபநாசத்தில். 1925 ஜூனில், அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து, அவரும் போய்விட்டார். அந்தப் பக்கம் நாங்கள் குளிக்கப் போனால், "அய்யர் போன இடம், பாத்து இறங்கு" என்பார் ஆச்சி. ஹைகோர்ட் தாழ்வாரத்தில் நின்றபோது எனக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஞாபகம் வந்தது.

தூரம்

கட்டிடம் அழகானதுதான், சந்தேகமில்லை. ஆனால் திருநெல்வேலிக்காரனுக்கு அது 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த அழகு. ஒரு ரயில் ராத்திரி, ரெண்டு நாள் கூலி, தெரியாத ஊர். எவ்வளவு பேர் இந்தத் தூரத்துக்குப் பயந்தே வழக்கைக் கீழேயே விட்டிருப்பார்கள்?

2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை தொடங்கியது. இப்போது எங்கள் மாவட்ட வழக்குகள் அங்கேதான் போகின்றன. திருநெல்வேலியிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். எங்கள் மலைக்குப் பக்கத்து மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் 2024-ல் வீட்டைவிட்டு இறங்கவேண்டிய நிலை வந்தபோது, அவர்களுடைய வழக்குகளும் மதுரையில்தான் விசாரணைக்கு வந்தன. அந்தத் தீர்ப்பில் அவர்களுக்கு எவ்வளவோ வருத்தம் இருக்கலாம். ஆனால் அந்த வழக்குகளும் சென்னையில் நடந்திருந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தக் கூலிக்காரர்கள் ரயில் ஏறியிருக்க முடியுமா?

மதுரைக் கிளைக் கட்டிடத்தைப் பார்த்து யாருக்கும் கழுத்து வலித்ததாக நான் கேள்விப்படவில்லை. 13-ஆம் எண் அறையின் வண்ணக் கண்ணாடியைப் பாதுகாக்கவேண்டும், கட்டாயம். ஒரு கொத்தனார் தலைமுறையின் உழைப்பு அது. ஆனால் கோர்ட் என்பது மக்கள் அண்ணாந்து பார்க்க மட்டும் இல்லையே, போய்ச் சேரவும் வேண்டுமே.

வெளியே வந்ததும் சித்தப்பா டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார், "என்னடே, எப்படி இருந்துச்சு?"

"கழுத்து வலிக்கு சித்தப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். அவருக்கும் தாத்தா ஞாபகம் வந்திருக்கவேண்டும்.