இந்தியா ஆசியாவுடன் எப்போது மோதியது? எரிமலை மணற்கல்லில் துப்பு தேடும் விஞ்ஞானிகள்

இந்தியத் தட்டு ஆசியாவுடன் மோதியதால்தான் இமயமலை எழுந்தது என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. ஆனால் அந்த மோதல் நடந்தது எப்போது? இதில் இன்னமும் சண்டை ஓயவில்லை. ஒரு தரப்பு சொல்வது சுமார் 5.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்னொரு தரப்பு சொல்வது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்தச் சண்டையில் முக்கிய சாட்சி, தெற்கு திபெத்தில் கிடைக்கும் மணற்கல்.

மோதலுக்கு முன்பு இரண்டு நிலப்பரப்புகளுக்கும் நடுவே டெத்திஸ் கடல் இருந்தது. அதன் தரை, ஆசியாவுக்கு அடியில் புதைந்துகொண்டே வந்ததால் திபெத்தின் தென் விளிம்பில் எரிமலைகள் வரிசையாக வெடித்தன. லாசா நகரைச் சுற்றி அந்த எரிமலைப் பாறைகளை இன்றும் பார்க்கலாம். லே நகரின் பின்னால் நிற்கும் கிரானைட் மலைகளும் அதே குடும்பம்தான்.

அந்த எரிமலைகளில் இருந்து அரித்து வரும் மணல் இந்தியப் பக்கம் போக முடியாது. நடுவில் ஆழ்கடல் அகழி இருக்கிறதே! அதில் விழுந்தால் அதோடு சரி. அப்படியென்றால், இந்தியப் பக்கத்துப் படிவுகளின் மேல் ஆசிய மணல் முதன்முதலாக வந்து உட்கார்ந்த நாள் எதுவோ, அதற்குள் அகழி தூர்ந்து இரு கரைகளும் சேர்ந்திருக்க வேண்டும்.

(சாம்பல் வேறு விஷயம். காற்றில் பறந்து கடலைத் தாண்டிவிடும். அதனால் சாம்பலை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.)

மணலுக்கு ஊர் கண்டுபிடிப்பது எப்படி?

தெற்கு திபெத்தின் சாங்டன்லின் பகுதியில், கீழே உள்ள அடுக்குகளில் குவார்ட்ஸ் மணல் நிறைந்திருக்கிறது. பழைய கண்டத்தில் இருந்து தேய்ந்து தேய்ந்து வந்த இந்திய மணல் அது. மேலே போகப் போக எரிமலைப் பாறைத் துணுக்குகள் கலந்த மணற்கல் வந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, நூற்றுக்கணக்கான மணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். குவார்ட்ஸ் எத்தனை, ஃபெல்ட்ஸ்பார் எத்தனை, பாறைத் துணுக்கு எத்தனை என்ற விகிதம், மணல் கண்டத்தின் நடுவில் இருந்து வந்ததா, எரிமலை வரிசையில் இருந்து வந்ததா என்று காட்டும். அமெரிக்கப் புவியியலாளர் வில்லியம் டிக்கின்சன் 1970-களில் பிரபலப்படுத்திய முறை இது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மலைத்தொடருக்குள் சிக்கி, புதைந்து, சூடேறிய கல்லில் எரிமலைக் கண்ணாடி களிமண்ணாக மாறிப்போகும். ஃபெல்ட்ஸ்பாரும் வேதியியல் ரீதியாக மாறிவிடும். அப்போது கைகொடுப்பது ஜிர்கான். லேசில் அழியாத குட்டிக் கனிமம். பாறையை நொறுக்கி, கனமான மணிகளைப் பிரித்தெடுத்து, லேசரால் சுட்டால், உள்ளே யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று தெரியும். யுரேனியம்-238-ல் பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால், கணக்குப் போட்டு வயதைச் சொல்லிவிடலாம்.

இந்தியப் பக்கத்து ஜிர்கான்கள் பெரும்பாலும் 50 கோடி ஆண்டுகளைத் தாண்டிய கிழடுகள். மேல் அடுக்கில் வருபவற்றில் 10 கோடிக்கும் 6 கோடிக்கும் இடைப்பட்ட இளம் மணிகள் ஏராளம். திபெத் எரிமலைகளின் வயதோடு அது பொருந்துகிறது. அங்கேயே கிடைத்த சாம்பல் அடுக்கின் வயதும் 5.9 கோடியை ஒட்டி வருகிறது.

பிறகு ஏன் சண்டை?

எரிமலை மணல் என்றால் ஆசியாதான் என்று கட்டாயம் இல்லை. டெத்திஸ் நடுவில் இன்றைய மரியானா தீவுகள் மாதிரி ஓர் எரிமலைத் தீவு வரிசை இருந்தது, இந்தியா முதலில் மோதியது அதனுடன்தான், ஆசியாவை எட்டியது வெகு பின்னால் என்பது எதிர்த்தரப்பு வாதம். இரண்டு இடத்து ஜிர்கானும் ஒரே வயதில் இருக்கலாம். அதனால் மணிக்குள் உள்ள ஹாஃப்னியம் என்ற தனிமத்தின் விகிதத்தையும் பார்க்கிறார்கள். புதிதாக எழுந்த மாக்மாவா, பழைய கண்டத்தை உருக்கி வந்ததா என்று அது காட்டும். ஆனால் திபெத்தின் தென் விளிம்பு எரிமலைகளே பெரும்பாலும் புது மாக்மாவில் உருவானவை. தீவு எரிமலையின் கைரேகையும் கிட்டத்தட்ட அதேதான்.

2.5 கோடி ஆண்டு வித்தியாசத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வேகம் என்று வைத்தாலும் 1,250 கிலோமீட்டர். மோதல் முன்கூட்டியே நடந்தது என்றால், அவ்வளவு இந்திய நிலமும் மடிந்தோ புதைந்தோ எங்கே போனது என்று காட்ட வேண்டும். பின்னால்தான் நடந்தது என்றால், அந்தத் தீவு வரிசையின் மிச்சத்தைக் காட்ட வேண்டும். லடாக்கிலும் திபெத்திலும் இரு தரப்பும் கல் உடைத்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.