கடைசிக் கடைசல்காரர்



எங்கள் பாட்டி வீட்டு அடுப்படியில் ஒரு உப்பு மரவை இருக்கிறது. மரவை என்றால் மரத்தில் கடைந்த கிண்ணம். உப்பு உலோகத்தை அரித்துவிடும் என்பதால் அந்தக் காலத்தில் அதை மரவையில் போட்டு வைப்பார்கள். "இது என்ன மரம் பாட்டி? யார் செஞ்சது?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கெப்படிடா தெரியும்? எங்கம்மா குடுத்தது. யாரோ கடைசல்காரர் கடைஞ்சது" என்றார். அவ்வளவுதான்!

தினமும் கை படுகிற பொருளுக்கு இவ்வளவுதானா வரலாறு என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை இங்கிலாந்தில் கொண்டுபோய் விட்டது. ஒரு மரக் கிண்ணத் தொழில் எப்படி வாழ்ந்தது, எப்படிச் செத்தது, எப்படி மறுபடி உயிர் பெற்றது என்ற முழுக்கதையும் அங்கே கிடைக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் சாதாரண ஜனங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் மரக் கிண்ணத்தில்தான். யார்க் நகரில் 'காப்பர்கேட்' என்று ஒரு தெரு உண்டு. பெயரைப் பார்த்துச் செம்பு விற்ற தெரு என்று நினைத்துவிடாதீர்கள். வைக்கிங்குகளின் மொழியில் அதற்குக் 'கோப்பை செய்பவர்கள் தெரு' என்று பொருள். 1976 முதல் 1981 வரை அங்கே தோண்டிப் பார்த்தபோது, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடைசல் வேலையின் தடயங்கள் கிடைத்தன. கிண்ணத்தைக் கடையும்போது நடுவில் மிஞ்சும் குமிழ் போன்ற கழிவுத் துண்டுகள் கூட இருந்தன. ஈர மண்ணில் காற்றுப் படாமல் கிடந்ததால் மரம் மக்கவில்லை.

அடுத்த சாட்சி கடலில் இருந்து வந்தது. எட்டாம் ஹென்றி மன்னரின் 'மேரி ரோஸ்' போர்க்கப்பல் 1545 ஜூலை 19 அன்று மூழ்கியது. 1982-இல் அதை மேலே தூக்கினார்கள். மாலுமிகள் சாப்பிட்ட மரத் தட்டுகளும் கிண்ணங்களும் அதில் கிடைத்தன. பலவற்றில் 'இது என்னுடையது' என்று காட்ட அவரவர் கீறி வைத்த குறிகள் இருக்கின்றன. நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, அதே கதைதான்!

எல்லா மரமும் கிண்ணத்துக்கு ஆகாது. பீச் மரத்தில் வாசனையோ சுவையோ உணவில் இறங்காது. எல்ம் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சுலபத்தில் பிளக்காது. மேப்பிள் மரத்தில் கட்டி போலப் புடைத்திருக்கும் பகுதியைக் கடைந்தால் புள்ளியும் சுழியுமாக அழகான கோலம் தெரியும். அந்தக் கோப்பைகளுக்கு வெள்ளி விளிம்பு கட்டிப் பணக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள்.

சரி, எப்படிக் கடைந்தார்கள்? வளையக்கூடிய ஒரு நீளக் கழியை மேலே கட்டி, அதன் நுனியிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, மரத்துண்டு பொருத்திய உருளையில் ஒரு சுற்று சுற்றி, கீழே ஒரு மிதிகட்டையில் முடிவார்கள். மிதித்தால் மரம் ஒரு பக்கம் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்கும், மரம் எதிர்ப்பக்கம் சுழலும். மிதிக்கும்போது மட்டும்தான் உளி வெட்டும்.

இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. மோர் கடையும் மத்தும் இப்படித்தானே கயிற்றில் முன்னும் பின்னும் சுழல்கிறது? தமிழில் மோரையும் 'கடைகிறோம்', மரத்தையும் 'கடைகிறோம்'. இரண்டுக்கும் ஒரே சொல்!

இங்கிலாந்தில் இந்த முறையில் கிண்ணம் கடைந்து பிழைத்த கடைசி மனிதர் ஜார்ஜ் லெய்லி. 1869-இல் பிறந்தவர். பெர்க்‌ஷயரில் பக்கிள்பரி என்ற ஊரில், பரம்பரைத் தொழிலாக எல்ம் மரக் கிண்ணங்கள் செய்தார். நுனி வளைந்த உளிகளால் ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களை எடுத்துவிடுவார். மற்றவர்களுக்குக் கழிவாகப் போகும் நடுப்பகுதி அவருக்கு இன்னொரு கிண்ணம்! ஆனால் 18-ஆம் நூற்றாண்டிலேயே மலிவான பீங்கான் பாத்திரங்கள் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. தொழில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. லெய்லிக்குப் பிறகு அதை எடுத்துச் செய்ய ஆள் இல்லை. 1958-இல் அவர் இறந்தபோது தொழிலும் நின்றுபோனது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு பூஞ்சை நோய் வந்து கோடிக்கணக்கான எல்ம் மரங்களும் அழிந்தன.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் லெய்லியின் கடைசல் இயந்திரத்தையும் உளிகளையும் ரெடிங் நகரில் உள்ள ஆங்கிலக் கிராம வாழ்வு அருங்காட்சியகம் வாங்கிப் பாதுகாத்தது. 1990-களில் ராபின் வுட் என்பவர் அவற்றைப் பார்த்து, அதே மாதிரி இயந்திரம் கட்டி, உளிகளையும் தானே அடித்துச் செய்து, கடையக் கற்றுக்கொண்டார். இன்று வேறு பலரும் அந்த முறையில் கிண்ணம் செய்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு மனசு உறுத்தியது. இயந்திரம் இருந்தது, உளி இருந்தது. ஆனால் எந்தக் கோணத்தில் உளியைப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. லெய்லியின் கைக்குத் தெரிந்ததை இன்னொருவர் தானாகத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அரசர்களின் கிரீடத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்ட கிண்ணத்தைப் பற்றி எழுதி வைக்கத்தான் ஆள் குறைவு. 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று நினைத்ததால் வந்த வினை!

எங்கள் வீட்டு மரவையைக் கடைந்தவர் பெயர் இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. கேட்க வேண்டிய ஆள் என் கொள்ளுப்பாட்டி. அவர் இல்லை. இப்போதைக்கு, பாட்டி அதில் என்னென்ன போட்டு வைத்தார், எப்படிக் கழுவிக் காய வைத்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மரவை கிடக்கலாம். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள் நண்பர்களே.