யார் பேர் போடுவது?

'குத்தத்த ஒத்துக்கிட்டான்' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஒத்துக்கொள்வது குற்றம் செய்தவன் வேலை. ஆனால் சாதியை மறைத்து வாழ நேர்ந்த ஒரு தலித் அதை வெளியே சொன்னால், அதற்கும் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்றே பேர் வைக்கிறார்கள். எவன் செய்த குற்றத்துக்கு யார் ஒப்புதல் தருவது?

ஐதராபாத் பல்கலைக்கழக விடுதியிலிருந்து ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வளாகத்திலேயே திறந்தவெளியில் 'வெளிவாடா' அமைத்துத் தங்கிப் போராடினார்கள். வெளிவாடா என்றால் தெலுங்கில் சேரி. அவர்களில் ஒருவரான ரோகித் வெமுலா 2016 சனவரி 17 அன்று தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். அவர் எழுதிவைத்த கடிதம் நாடெங்கும் படிக்கப்பட்டது.

அதைப் படித்தவர்களில் ஒருவர் நியூயார்க்கில் இருந்த பத்திரிகையாளர் யாஷிகா தத். இராசசுத்தானத்தில், துப்புரவுத் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். மேல்சாதி என்று காட்டிக்கொண்டே படித்தவர், வேலை பார்த்தவர். அந்த மாதமே தான் தலித் என்று இணையத்தில் அறிவித்தார். அறிவித்த கையோடு, 'தலித் பாகுபாட்டின் ஆவணங்கள்' என்று பொருள்படும் பக்கம் ஒன்றைத் தொடங்கி மற்றவர்களின் அனுபவங்களையும் கேட்டார். 2019இல் 'கமிங் அவுட் அஸ் தலித்' என்ற நூல் வந்தது. அடுத்தவர் கண்ணீரைக் கோத்த நூல் அல்ல அது. தன் வாழ்க்கையை முன்னால் வைத்து, தன் பேரில் எழுதியது.

நம் மொழியில் 1992இலேயே 'கருக்கு' வந்துவிட்டது. பாமா என்பது புனைபெயர். பேரை மாற்றினாலும் ஊர் தன்னைக் கண்டுகொண்டது. சொந்த ஊரிலேயே எதிர்ப்பு வந்தது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தப்புச் செய்தோம்.

சில வருசத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர், விடுதி மாணவர்கள் பேர் போடாமல் இணையத்தில் எழுதியதைத் தொகுத்துச் சிறு நூலாகப் போட்டோம். அனுமதி கேட்டோம். பதில் வந்ததை மட்டும்தான் சேர்த்தோம். ஒரு பெண் எழுதியிருந்தாள். அறைத் தோழிகளிடம் வேறு சாதி சொல்லி வைத்திருந்தாளாம். அப்பா பார்க்க வந்தபோது, 'எங்க வீட்டுல வேல பாக்குறவரு' என்று சொல்லிவிட்டாள். அவர் காதில் விழுந்துவிட்டது. ஒண்ணும் பேசாம முறுக்குப் பைய வச்சிட்டுப் போயிட்டாரு. பை பிடித்திருந்த கையில் இரண்டு விரல் இல்லை.

ஊர்ப் பேரை எடுத்தோம். மாவட்டத்தை எடுத்தோம். விரலை எடுக்கவில்லை. 'அந்த வரி நல்லாருக்குடா, இருக்கட்டும்' என்று சொன்னவன் நான்தான்.

அந்த ரெண்டு விரல் போதுமானதாக இருந்தது. நூல் விடுதிக்குப் போனது, கண்டுபிடித்துவிட்டார்கள். பாதி வருசத்தில் அறையைக் காலி செய்தாள். என்னிடம் தொலைபேசியில் ஒன்றுதான் சொன்னாள்: "அண்ணே, நீங்க காட்டிக்குடுக்கல. ரசிச்சீங்க, அவ்வளவுதான்." அவள் கேட்டபடி மறுபதிப்பில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம்.

பேரில்லாத சாட்சியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டுமென்றால், பாதிக்கப்பட்டவர் பேரும் சாதியும் வெளியே வந்தாக வேண்டும். வேலைக்கும் படிப்புக்கும் பயந்து அங்கே போக முடியாதவர்களுக்குப் புத்தகம்தான் இருக்கிறது. அதனால்தான் தொகுப்பவன் பொறுப்பு கூடுகிறது.

எங்கள் நூலை இன்று புரட்டினால் ஒன்று உறுத்துகிறது. முன்னுரைக்குக் கீழே 'தொகுப்புக் குழு' என்று மட்டும் இருக்கிறது. நாலு பேரில் ஒருவன் பேரும் இல்லை, சாதியும் இல்லை. நாங்களும் மறைந்துதான் இருந்தோம். ஆபத்து அவளுக்கு, பாதுகாப்பு எங்களுக்கு.

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லும் தோழர்களே, முதல் பக்கத்தில் உங்கள் கதையை உங்கள் பேரில் எழுதுங்கள். அதற்குப் பிறகு கேளுங்கள்.