தறியே இல்லாமல் கம்பளம்... காஷ்மீர் 'நம்தா' உருவாவது எப்படி?

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் செம்மறி ஆடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனா, கம்பளி விரிப்புக்கு இந்தப் பகுதி பேர்போனதில்லை. ஏன் தெரியுமா?

இங்குள்ள 'ராமநாதபுரம் வெள்ளை' இன ஆடுகள் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. அவற்றின் உடலில் இருப்பது வெறும் முடிதான், கம்பளி அல்ல.

நெய்யாமல் எப்படி?

கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் அழுத்தமும் பட்டால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். காஷ்மீரின் நம்தா இப்படித்தான் உருவாகிறது. கம்பளியை அடுக்கடுக்காகப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயோடு சுருட்டி, மிதித்து உருட்டுவார்கள். ஊடும் கிடையாது, பாவும் கிடையாது.

அலங்காரம் என்ன?

நம்ம ஊரில் ஜாக்கெட்டுக்குப் போடும் ஆரி ஒர்க் தெரியும்தானே? அதே மாதிரி கொக்கி ஊசியால், சங்கிலித் தையலில் பூ, கொடி, சினார் இலை என வரைவார்கள். ராஜஸ்தானின் டோங்க்கில் வண்ணக் கம்பளித் துண்டுகளை வெட்டி வைத்துத் தைப்பதும் உண்டு. குஜராத்தின் கட்ச்சில் குதிரை, ஒட்டகச் சேணத்துக்கு அடியில் விரிக்கவும் நம்தாதான்.

இப்போது நிலை என்ன?

தரமான கம்பளியும், தொழில் தெரிந்த ஆட்களும் குறைந்ததால் 1998 முதல் 2008-க்குள் காஷ்மீர் நம்தா ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போனது. பிறகு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் காஷ்மீரின் 6 மாவட்டங்களில் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் செய்த முதல் தொகுப்பு 2023-ல் பிரிட்டனுக்குப் போனது.

வாங்கும்போது விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நெசவு நூல் வரிசை தெரிந்தால், அது நம்தா இல்லை!