பொலிஸ்காரரைப் போலத் தோன்றுவது பாதுகாப்பாகுமா?

பிரித்தானிய வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சிலரும் குதிரைச் சவாரி செய்வோர் சிலரும் ஒருவகை மேலங்கியை அணிகின்றனர். பளிச்சிடும் மஞ்சள் நிறம். அதன் குறுக்கே பொலிஸாருக்குரிய கட்டமிட்ட பட்டி. முதுகில் ‘பணிவுடன்’ எனப் பொருள்படும் ‘பொலைட்’ என்ற ஆங்கிலச் சொல். சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும் சாரதிக்கு அது ‘பொலிஸ்’ என்றே தெரியும். அவர் வேகத்தைக் குறைப்பார் என்பதே அணிபவரின் கணக்கு. அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டத்தின் 90ஆம் பிரிவு, பொலிஸாரென நம்பவைக்கும் அளவுக்குத் தோற்றம் தரும் விதத்தில் அவர்களது சீருடையை அணிவதைக் குற்றமாக்குகிறது. ஓரெழுத்தை மாற்றிய மேலங்கி அந்தக் கோட்டின் எப்பக்கம் நிற்கிறது என்ற விவாதம் அங்கு நெடுநாளாக நடக்கிறது.

இந்த விவாதத்துக்கும் நமது தீவகத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் புறப்பட்டோர் லண்டனிலும் பாரிஸிலும் வாழ்கின்றனர். அவர்களது பயணப் பெட்டிகளோடு அந்நாடுகளின் பழக்கங்களும் ஊருக்கு வருகின்றன. பண்ணைப் பாலத்திலும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் நீண்ட கடற்பாலத்திலும் இரவில் மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கு உயிராபத்து உண்டு. இரு மருங்கும் கடல், வெளிச்சம் குறைவு, வீதியிற் படுத்துறங்கும் மாடுகள் வேறு. பிறர் கண்ணுக்குத் தெரியவேண்டிய தேவை லண்டன்வாசியைவிடத் தீவகத்தாருக்குக் குறைந்ததன்று. ஆனால் பொலிஸ்காரரைப் போலத் தெரியவேண்டுமா என்பது வேறொரு கேள்வி. அதற்கான விடை வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் இரு விடயங்களையும் பிரித்துக்கொள்வோம். பளிச்சிடும் ஆடை உயிரைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பிரதேசத்தில் நடத்தப்பட்டு 2004இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, ஒளிரும் அல்லது ஒளித்தெறிக்கும் ஆடை அணிந்த மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு எனக் கண்டது. கறுப்புத் தலைக்கவசத்தோடு ஒப்பிடுகையில் வெள்ளைத் தலைக்கவசம் அந்த வாய்ப்பை 24 சதவீதத்தாலும், பகலில் முன்விளக்கை எரியவிடுவது 27 சதவீதத்தாலும் குறைத்தன. இவற்றுள் எதற்கும் பொலிஸ் சாயல் தேவைப்படவில்லை.

பொலிஸ் சாயலால் வரும் மேலதிக பயன் எவ்வளவு? இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர் இயன் வோக்கரும் சகாக்களும் சைக்கிளோட்டி ஒருவருக்கு ஏழு வகை ஆடைகளை மாறிமாறி அணிவித்து, அவரை முந்திச்சென்ற வாகனங்கள் விட்ட இடைவெளியை அளந்தனர். அதன் முடிவுகள் 2013இல் வெளியாயின. பொலிஸ் என்ற சொல்லும், ஒளிப்பதிவு நடக்கிறது என்ற எச்சரிக்கையும் கொண்ட மேலங்கிக்கு மட்டுமே சாரதிகள் சற்று விலகிச் சென்றனர். அதுவும் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர்தான். ‘பொலைட்’ என்ற சொல் பொறித்த மேலங்கியால் அந்தப் பயனும் விளையவில்லை.

ஐந்து சென்ரிமீற்றராயினும் இலாபந்தானே என்று லண்டனில் ஒருவர் கேட்கலாம். அங்கு அந்தச் சாயலை அணிபவர் இழப்பது எதுவுமில்லை. இங்கு நிலைமை அவ்வாறன்று. இரு நாடுகளிலும் பொலிஸ் சீருடை பிறந்த கதைகளே வேறுவேறு.

1829இல் சேர் ரொபேட் பீல் லண்டன் மாநகரப் பொலிஸை உருவாக்கியபோது அதற்கு நீல உடை தெரிவுசெய்யப்பட்டது. அன்று பிரித்தானிய இராணுவத்தின் நிறம் சிவப்பு. பொலிஸ்காரரைப் படைவீரரென்று மக்கள் எண்ணிவிடலாகாது என்பதே அந்தத் தெரிவின் நோக்கம். பின்னர் கிளாஸ்கோ நகரப் பொலிஸ் தலைவர் பேர்சி சிலிட்டோ 1930களில் தொப்பியில் சேர்த்த கட்டமிட்ட பட்டியும் பொலிஸாரைப் பிறரிலிருந்து பிரித்துக் காட்டவே வந்தது. இன்றைய மேலங்கிகளில் உள்ள கட்டங்களின் மூலம் அதுவே.

காக்கியின் கதை நேரெதிரானது. தூசி நிறம் என்று பொருள்படும் அச்சொல், 1840களின் பிற்பகுதியில் பெஷாவரில் ஹரி லம்ஸ்டன் திரட்டிய படைப்பிரிவின் உடையோடு புகழ்பெற்றது. படைக்கெனப் பிறந்த அந்நிறமே காலனிகளில் பொலிஸாருக்கும் ஆயிற்று. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தோடும், 1866இல் ஜி. டபிள்யூ. ஆர். காம்பெல்லின் நியமனத்தோடும் அமைந்த பொலிஸ் சேவை இன்றும் காக்கியையே அணிகிறது. 1980களில் அதே பொலிஸின் அங்கமாக உருவான விசேட அதிரடிப்படையோ படையினரைப் போன்று புள்ளிச் சீருடை தரித்தது. படைக்கும் பொலிஸுக்கும் இடையே லண்டன் வரைந்த கோடு நமது நாட்டில் அழுத்தமாக வரையப்படவே இல்லை.

அந்தக் கோடு இல்லாமையின் விலையைத் தீவகம் கொடுத்தது. 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். வந்தோர் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் சாட்சியம் கூறினர். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையின் பச்சைச் சீருடை. 1990 ஓகஸ்டில் இலங்கைப் படையினர் தீவுகளைக் கைப்பற்ற, மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாண நகரில் 1991 முதல் விடுதலைப் புலிகளின் காவல்துறை நீலச் சீருடையில் இயங்கியது. கடனீரேரிக்கு இப்பால் அரசின் சீருடைகள். சில மைல் நீர்ப்பரப்பின் இரு கரைகளில் இரு நிறங்கள், இரு சட்டங்கள். ஒரு கரையில் மரியாதை பெற்ற உடை மறுகரையில் மரணத்துக்கு ஏதுவாகும்.

2006இல் நிலைமை இன்னொரு திருப்பம் கண்டது. அவ்வாண்டு மே 13இல் அல்லைப்பிட்டியில் 13 பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓகஸ்டில் அங்குள்ள பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்தன. அடுத்த சில நாட்களில், ஓகஸ்ட் 20ஆந் திகதி, பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் தமது உதவியாளருடன் மோட்டார் சைக்கிளில் அல்லைப்பிட்டிக்குச் சென்றார். அங்கிருந்த கடற்படைச் சோதனைச் சாவடியருகே இறுதியாகக் காணப்பட்ட இருவரும் திரும்பி வரவில்லை. குடாநாடெங்கும் அக்காலத்தில் அஞ்சப்பட்டது மோட்டார் சைக்கிளில் முகம் மறைத்து வருவோரையே. சீருடையைக் கண்டு பயந்த சமூகம், சீருடை இல்லாதவரைக் கண்டு அதனினும் அதிகமாகப் பயந்தது.

பத்திரிகைத் தமிழே இதற்குச் சாட்சி. அந்த ஆண்டுகளில் செய்தி எழுதிய எங்களிடம் இருந்தவை மூன்று சொற்றொடர்கள்: ‘சீருடை தரித்தோர்’, ‘சிவில் உடையில் வந்தோர்’, ‘இனந்தெரியாதோர்’. மூன்றும் ஆடையைப் பற்றியவை. ஆளைப் பற்றியவை அல்ல. பெயரை எழுத முடியாத காலத்தில் உடையை எழுதினோம். வாசகரோ அந்த உடையிலிருந்து பெயரை ஊகித்துக்கொண்டார். உடையைப் பார்த்து உயிரைக் கணக்கிடும் அப்பயிற்சி போருடன் முடிந்துவிடவில்லை. 2015இல் முகத்தை முழுமையாக மூடும் தலைக்கவசங்களைத் தடைசெய்யப் பொலிஸார் முற்பட்டபோது, குற்றவாளிகள் அவற்றுள் முகம் மறைக்கிறார்கள் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் படையினரின் சீருடைகளையும் அவற்றை ஒத்த உடைகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்டனர். போலிச் சீருடை குறித்த அச்சம் அரசுக்கும் உண்டு என்பதையே இது காட்டுகிறது.

சட்டம் இதில் பார்ப்பது நோக்கத்தை. பிரித்தானியர் இயற்றி 2024 வரை நடைமுறையிலிருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக் கோவை, அரச ஊழியர் என்று பிறர் நம்பவேண்டுமென்ற எண்ணத்தோடு அவருக்குரிய உடையைத் தரிப்பதைத் தண்டித்தது; அதனை அடியொற்றிய 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையும் அதனைத் தண்டிக்கிறது. சாலையில் உயிர் பிழைக்க அணிந்தேன் என்று ஒருவர் நீதிமன்றில் வாதிடலாம். ஆனால் இருட்டில் எதிரே வரும் முதியவளுக்கு அந்த நோக்கம் எங்ஙனம் தெரியும்? தன் வீட்டுப் படலையில் ஒரு பொலிஸ் உருவம் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதைக் காணும் தாய்க்கு அது எந்த ஆண்டை நினைவூட்டும்? மறுபுறம், அந்த உருவம் பொலிஸல்ல என்று ஊர் பழகிவிட்டால், தீய எண்ணத்தோடு வருபவனுக்கு அதே மேலங்கி திறவுகோலாகும்.

ஆகவே எனது முடிவு இதுதான். தீவக வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பளிச்சிடும் ஆடை அணியவேண்டும். அது பொலிஸ் உடையைச் சிறிதும் ஒத்திருக்கலாகாது. பிரான்சில் 2008 முதல் காரிலும் 2016 முதல் மோட்டார் சைக்கிளிலும் செல்வோர் ஒளித்தெறிக்கும் மேலங்கியை உடன் வைத்திருத்தல் கட்டாயம். அதில் கட்டமும் இல்லை, அதிகாரச் சொல்லும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத உடை என்பதால் எல்லோருக்கும் சொந்தமானது. நமக்கு வேண்டியதும் அத்தகையதே. எழுத்தற்ற செம்மஞ்சள் மேலங்கி, வெள்ளைத் தலைக்கவசம், எரியும் முன்விளக்கு: இவை குறிகாட்டுவான் இறங்குதுறையில் கடைசிப் படகுக்குப் பின் வீடு திரும்பும் இளைஞனை எதிரே வரும் சாரதியின் கண்ணுக்குக் காட்டப் போதுமானவை. தீவகத்தில் ஒருவர் பாதுகாப்பாக வீடு சேர, அவர் பிறரைப் பயமுறுத்த வேண்டியதில்லை.