பிறந்த மண்ணைக் காத்த பெங்களூர்க் குளவி

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது நம் பழமொழி. பயிரை அழிக்கும் பூச்சியை அதன் இயற்கைப் பகையைக் கொண்டே அடக்கலாம் என்பதும் அத்தகையதோர் உண்மையே. இத்துறையில் நாம் குடியேறி வாழும் பெங்களூர் மாநகர் நம் பிறந்த மண்ணுக்குச் செய்துள்ள உதவியை நம் காலனிக் குடும்பங்கள் அறிதல் நலம்.

1888-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் ஒருவகைச் செதில் பூச்சியால் அழியும் நிலையை எய்தின. அப்பூச்சியின் தாயகமாகிய ஆஸ்திரேலியாவிலிருந்து சிறு பொறிவண்டு ஒன்றைக் கொணர்ந்து விட்டனர். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் பிழைத்தன. அவ்வண்டே பின்னர் நம் நீலகிரியிலும் விடப்பட்டது. 1957-இல் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டுக் கழகத்தின் இந்திய நிலையம் பெங்களூரில் நிறுவப்பெற்றது. அதன் பின் இந்நகரிலேயே இப்பணி வேரூன்றி வளர்ந்தது. இன்று இங்குள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதனை நடத்தி வருகின்றது.

2008-இல் மெக்சிகோ நாட்டு மாவுப்பூச்சி ஒன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகிய பயிர்களில் அது வெண்மாவு தூவினாற்போல் படர்ந்தது. மல்பெரி இலை கெட்டால் பட்டுப்புழு வளர்ப்போர் பிழைப்பது எங்ஙனம்? உழவர் மீண்டும் மீண்டும் மருந்து தெளித்தனர். பூச்சியின் மெழுகுப் போர்வை அதனைத் தடுத்தது. நன்மை செய்யும் பூச்சிகளே மடிந்தன. பப்பாளித் தோட்டங்களை வெட்டி எறிந்தவரும் உண்டு.

2010-இல் பெங்களூர் அறிஞர்கள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தனர். ஒரு தீமையை நீக்கப் புகுந்து மற்றொன்றை அழைத்துவிடலாகாது அன்றோ? ஆதலின் அவற்றை முதலில் தனிமைக் கூடத்தில் அடைத்துச் சோதித்தனர். பின்னர், முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மீது குளவிகளைப் பெருக்கினர். எறும்பினும் சிறிய அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். பொரிந்த புழு உள்ளிருந்தே அதனைத் தின்று, குளவியாகி வெளிப்படும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் துணையால் இக்குளவிகள் வயல்களை அடைந்தன. அடுத்த ஆண்டிற்குள் மாவுப்பூச்சியின் கொட்டம் பெரிதும் அடங்கியது.

2020-இல் மரவள்ளியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சி கேரளத்தில் காணப்பட்டு, சேலம் பகுதிக்கும் பரவியது. ஜவ்வரிசித் தொழிலை நம்பிய குடும்பங்கள் கலங்கின. முன்னர் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய தென்னமெரிக்கக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூர் பெற்றது. 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அது விடப்பட்டது.

நஞ்சு பகையையும் நட்பையும் ஒருங்கே கொல்லும். குளவியோ தன் இரையை மட்டுமே நாடும். ஒருமுறை நிலைபெற்றால் தானே பெருகும். எனினும் அதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். இடையே நஞ்சு தெளித்தால் அனைத்தும் வீணாகும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம், அங்குள்ள உறவினரிடம் இச்செய்தியை எடுத்துரைப்போமாக. உண்ணும் சோறு ஈயும் இந்நகருக்கு நாம் செலுத்தும் சிறு நன்றிக்கடனும் அதுவே.