தாழ் ஹைட்ரஜன் வெல்டிங் ராடு

எஃகை மின்வில்லால் பற்றவைக்கும்போது உருகிய உலோகத்தில் ஹைட்ரஜன் கலந்துவிடாமல் இருக்க, பூச்சில் ஈரம் மிகக் குறைவாக வைத்துச் செய்யப்படும் ராடு இது. பூச்சின் முக்கியச் சரக்கு சுண்ணாம்புக்கல்லும் ஃபுளோர்ஸ்பாரும். பட்டறையில் இதை 'லோ ஹைட்ரஜன்' என்றோ, அமெரிக்கத் தர எண்ணைக் கொண்டு '7018' என்றோ கேட்டு வாங்குவார்கள். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வெல்டின் இழுவலிமையைக் குறிக்கும்: சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு.

மேல்சித்தாமூர், செஞ்சி போன்ற ஊர்களின் பட்டறைகளில் கேட், கிரில், ஜன்னல் வேலைக்கு இந்த ராடு தேவையில்லை. மெல்லிய சாதா இரும்புக்கு 6013 என்னும் ரூட்டைல் ராடே போதும். எளிதில் பற்றும், வெல்டின் மேல் படியும் ஓடான ஸ்லாக் தானே உரியும். தகடு தடித்து, எஃகின் வலிமை கூடும்போதுதான் ஹைட்ரஜன் தன் வேலையைக் காட்டத் தொடங்கும்.

அது நடக்கும் விதம் இது. பூச்சிலோ தகட்டின் துருவிலோ எண்ணெய்ப் பிசுக்கிலோ உள்ள ஈரம் மின்வில்லின் சூட்டில் பிளந்து, ஹைட்ரஜன் அணுக்கள் உருகிய இரும்பில் கரைகின்றன. இரும்பு ஆறும்போது அவ்வளவு ஹைட்ரஜனுக்கு அதில் இடமில்லை. தடித்த தகடு வெப்பத்தை விரைவாக உறிஞ்சிக்கொள்வதால், வெல்டை ஒட்டிய எஃகு கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஊர்ந்து செல்லும் ஹைட்ரஜன் அங்கே, இழுவிசை மிகுந்த இடத்தில் சேர, எஃகு பிளக்கிறது. பிளவு உடனே வருவதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வரும். பெரும்பாலும் பீடுக்கு (வெல்டு வரிக்கு) அடியில் ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முக்கியமான வெல்டுகளை 48 மணி நேரம் காத்திருந்து அல்ட்ராசோனிக் கருவியால் சோதிப்பது இதனால்தான். சாயங்காலம் 'சரி' என்று கையெழுத்திட்ட வெல்டு மறுநாள் காலையில் விரிந்து கிடக்கலாம்.

பூச்சுள்ள ராடைப் பரவலாக்கியவர், 1904இல் எசாப் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் கெல்பர்க். அதற்கு முன் வெறுங்கம்பியால் போட்ட வெல்டு காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உள்ளே இழுத்துக்கொண்டு நொறுங்கியது. பின்னாளில் வந்த செல்லுலோஸ் பூச்சு எரிந்து, வாயுத் திரையாக நின்று காற்றைத் தடுத்தது. ஆனால் அந்த வாயுவிலேயே ஹைட்ரஜன் நிறைய இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் டாங்கிக் கவசத் தகடுகளை வெல்டு செய்தபோது இந்தச் சிக்கல் முற்றியது. சாதா ராடு போட்டால் கவசம் விரிந்தது. குரோமியமும் நிக்கலும் மிகுந்த ராடு தாங்கியது. ஆனால் அந்த உலோகங்களுக்குப் போர்க்காலத்தில் கடும் தட்டுப்பாடு. அந்த உயர்ரக ராடுகளில் இருந்த சுண்ணாம்புப் பூச்சைச் சாதா எஃகுக் கம்பியின் மேல் போட்டுப் பார்த்தபோது விரிசல் பெருமளவு நின்றது. விலையுயர்ந்த உலோகம் செய்த வேலையில் பெரும்பகுதியை, ஈரமற்ற மலிவான பூச்சு செய்ய முடிந்தது. இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் என்று இதையே சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் வெந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது; அந்தத் திரையில் ஹைட்ரஜன் இல்லை. பூச்சில் இரும்புத்தூள் சேர்த்து உலோகப் படிவை அதிகரித்த 7018 அடுத்து வந்தது.

ராடு மட்டும் காப்பாற்றிவிடாது என்பதை மெல்பர்னின் கிங் ஸ்ட்ரீட் பாலம் உணர்த்தியது. 1961இல் திறந்த அந்தப் பாலம் 1962 ஜூலை 10 அன்று 45 டன் வண்டி ஏறியபோது உடைந்து தொய்ந்தது. அதன் எஃகில் கார்பனும் மாங்கனீசும் கூடுதல்; வெல்டின் ஓரத்தில் எழுந்த விரிசல்களில் சில, பாலம் திறக்கும் முன்பே இருந்தவை. எஃகின் வேதியியலை ஒரே எண்ணாக்கும் 'கார்பன் ஈக்விவலன்ட்' கணக்கைப் பார்த்து, தகட்டை எவ்வளவு முன்சூடேற்ற வேண்டும் என்று முடிவு செய்வது இன்று கட்டாய நடைமுறை.

தமிழ்நாட்டில் இந்த ராடின் கதை திருச்சியில் வேர்விட்டது. செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு திருவெறும்பூரில் 1965இல் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது. கொதிகலன் டிரம்மின் சுவர் 100 மி.மீ.க்கும் மேல் தடிப்பு உடையது. குழாய்களோ குரோமியம், மாலிப்டினம் கலந்தவை. இரண்டும் ஹைட்ரஜன் விரிசலுக்கு எளிதில் இடம்கொடுப்பவை. 1975இல் அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. சுற்றுவட்டார ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் 'ப்ரீஹீட்' (முன்சூடு), 'மதர் ஓவன்' (ராடுகளைச் சுடும் பெரிய அடுப்பு) என்ற சொற்கள் அன்றாடப் பேச்சாகிவிட்டன.

ராடின் உயிர் அந்த ஓவனில்தான் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் திறந்து வைத்த பாக்கெட் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அதனால் 260 முதல் 430 டிகிரி செல்சியஸில் மறுபடி சுட்டு, 120 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்கிறார்கள். வெல்டர் கையோடு கொண்டுபோகும் சிறிய ஓவனிலிருந்து தேவைக்கு ஒவ்வொன்றாக எடுப்பார். மின்வில்லை மிகக் குறுகலாகப் பிடிக்க வேண்டும். நீட்டினால் காற்று புகுந்து பீடில் துளை விழும். ஈரம் ஏறிய ராடைச் சுடாமல் போட்டால், பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது தாழ் ஹைட்ரஜன் ராடு அல்ல.

இந்தியத் தரமான ஐ.எஸ். 814 இவற்றை எச்1, எச்2, எச்3 என்று பிரிக்கிறது. எச்3 என்றால் 100 கிராம் வெல்டு உலோகத்தில் ஹைட்ரஜன் 5 மில்லிலிட்டருக்கு மேல் போகக்கூடாது. செல்லுலோஸ் ராடில் அது 30 மில்லிலிட்டரையும் தாண்டும்.

நீண்ட தையல்களை இன்று சப்மெர்ஜ்டு ஆர்க் போன்ற இயந்திர முறைகள் எடுத்துக்கொண்டன. பழுதுபார்ப்புக்கும், உயரத்திலும் இடுக்கிலும் செய்யும் வேலைக்கும் ராடுதான். ஈரம் புகாத வெற்றிட உறையில் அடைத்து விற்பதும் வந்துவிட்டது; உறையைப் பிரித்த பிறகு அதற்கும் மணிக்கணக்கு உண்டு. சோதனையும் கூர்மையாகியிருக்கிறது: 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்தின் வெல்டுகளைத் திருச்சி வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஃபேஸ்டு அரே அல்ட்ராசோனிக் முறையில் சோதிக்க, தெற்கு ரயில்வே மறுபடி சரிபார்த்தது.